களவுபோன எண்ணுக்குக் காவல் வேண்டி ஒரு விண்ணப்பம்

பெறுநர்: தலைமை நிர்வாகி அவர்கள், ஈக்விஃபாக்ஸ் நிறுவனம், அட்லாண்டா, ஜார்ஜியா.

நகல்: மக்களின் கடன் ஏடுகளை வைத்திருக்கும் தொழிலில் தங்கள் பங்காளிகளான எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகியோரின் பார்வைக்கு.

பொருள்: அடையாளத் திருட்டுக் காவல் சேவைகளில் நல்லதைத் தேர்ந்தெடுக்க ஆலோசனை கோருதல் தொடர்பாக.

பேரன்புடையீர்,

அமெரிக்காவில் ஒன்பது இலக்க சோஷியல் செக்யூரிட்டி எண் வைத்திருக்கும் கோடிக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். அந்த எண்ணை எவனாவது எடுத்துக்கொண்டு போய் என் பெயரில் கார் கடன் வாங்கிவிடுவானோ என்ற பயத்தில், மாதச் சந்தா கட்டி ஒரு காவல் சேவையில் சேரலாமென்று இருக்கிறேன். சந்தையில் காவலர்களுக்குக் குறைவில்லை. பத்து டாலருக்கும் இருக்கிறார்கள், முப்பது டாலருக்கும் இருக்கிறார்கள். திருட்டு விஷயத்தில் உங்களைவிட அனுபவசாலி வேறு யார்? எனவே உங்களிடமே கேட்கிறேன்.

அனுபவசாலி என்றது முகத்துதி அல்ல. 2017 மார்ச்சில், அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் ஓட்டை இருக்கிறது, உடனே அடையுங்கள் என்று ஊரறிய எச்சரிக்கை வந்தது. அடைப்பதற்கான திருத்தமும் கூடவே வந்தது. நீங்கள் பதறவில்லை. மே மாதம் உள்ளே நுழைந்தவர்கள் ஜூலை கடைசிவரை சாவகாசமாகத் தங்கினார்கள். போகிற வருகிற தகவலைச் சோதிக்க உங்களிடம் கருவி இல்லாமல் இல்லை. அதன் சான்றிதழ் காலாவதியாகி மாதக்கணக்காகியும் யாரும் புதுப்பிக்காததால் அது எதையும் பார்க்கவில்லை. புதுப்பித்தவுடன் விஷயம் தெரிந்துவிட்டது. சுமார் 14.7 கோடிப் பேரின் விவரம் போயிருந்தது. பெயர், பிறந்த தேதி, முகவரி, பெரும்பாலோருக்கு அந்த ஒன்பது இலக்கமும்.

செப்டம்பர் 7 அன்று ஊருக்குச் சொன்னீர்கள். அதற்கு முன்னால், ஆகஸ்ட் நடுவில், உங்கள் அன்றைய தலைவர் ரிச்சர்ட் ஸ்மித் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் உரையாற்றினார். மோசடி என்பது தங்களுக்கு வளர்ந்துவரும் பெரிய வியாபார வாய்ப்பு என்று அதில் சொன்னார். தொழிலைப் பற்றி இவ்வளவு ஒளிவுமறைவின்றிப் பேசும் தலைவர்கள் அரிது. அடுத்த மாதமே அவர் பதவி விலகிவிட்டார் என்பதில் எனக்கு வருத்தமே.

எங்கள் ஊர்க் கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் இருப்பவர், நாமாகக் கழற்றிக் கொடுத்ததை வாங்கி டோக்கன் தருவார். நீங்களோ கோயிலுக்கே வராதவர்களின் செருப்பையும் வீட்டு வாசலிலிருந்து எடுத்து வந்து அடுக்கிவைத்திருக்கிறீர்கள். டோக்கனும் கிடையாது. 1899இல் ரீடெய்ல் கிரெடிட் கம்பெனி என்ற பெயரில் கடை திறந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம் என்றால், மரபை மதிப்பவன் என்ற முறையில் நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

இனி ஒப்பீட்டுக்கு வருகிறேன்.

முதலில் பார்த்தது லைஃப்லாக். இந்தத் துறையில் அதிகம் விளம்பரமான பெயர். அதன் தலைவர் டாட் டேவிஸ் தன் சோஷியல் செக்யூரிட்டி எண்ணை விளம்பரப் பலகையிலும் தொலைக்காட்சியிலும் வண்டியின் பக்கவாட்டிலும் எழுதிக் காட்டி, முடிந்தால் எடுத்துப் பாருங்கள் என்றார். எடுத்துப் பார்த்தார்கள். டெக்சாஸில் ஒருவர் 2007இல் அந்த எண்ணைக் கொடுத்து 500 டாலர் கடன் வாங்கினார். 2010இல் பத்திரிகை ஒன்று கணக்கெடுத்தபோது டேவிஸ் பெயரில் 13 மோசடிகள் தேறின. காவல்காரரே கைப்பட எழுதிக் கொடுத்த முகவரிக்குப் பதின்மூன்று பேர் வந்துபோனதைத் திருட்டு என்று சொல்வது சரியா, விருந்து என்பதா என்று தெரியவில்லை. அதே ஆண்டில், பொய் விளம்பரம் என்று, நுகர்வோரைக் காக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனும் 35 மாநிலங்களும் தொடுத்த வழக்கில் லைஃப்லாக் 1.2 கோடி டாலர் கட்டியது. அந்த உத்தரவை மீறியதற்காக 2015இல் 10 கோடி டாலர். பிறகு என்ன ஆயிற்று? கடையை மூடினார்களா? 2017இல் சிமாண்டெக் 230 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கிக்கொண்டது.

தொடக்க காலத்தில் அவர்கள் மாதம் பத்து டாலருக்கு விற்றது எதை என்று பார்த்தேன். கடன் ஏட்டில் ‘மோசடி எச்சரிக்கை’ என்று ஒரு குறி போடலாம். மோசடி நடக்குமோ என்று சந்தேகிக்கும் எவரும் இலவசமாகப் போட்டுக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அன்றைய விதிப்படி 90 நாளுக்கொருமுறை சந்தாதாரர் சார்பில் அதைப் புதுப்பிப்பதுதான் அவர்கள் செய்த முக்கியமான வேலை. உங்கள் பங்காளி எக்ஸ்பீரியன் 2008இல் வழக்குப் போட்டு அதை நிறுத்தவைத்தது. இலவசப் பொருளை ஊரார் விற்பதைக் கண்டு அவர்களுக்கு வந்த அறச்சீற்றத்தை மதிக்கிறேன்.

அடுத்து, கண்காணிப்பு. எல்லாச் சேவைகளும் உங்கள் மூவரின் ஏடுகளைத்தான் பார்க்கின்றன. மலிவான திட்டம் பெரும்பாலும் மூவரில் ஒருவரின் ஏட்டை மட்டும் பார்க்கும். மற்ற இருவரில் ஒருவரிடம் விசாரித்துக் கடன் தரும் வங்கிக்குத் திருடன் போகாமல் இருக்கவேண்டும் என்பது திட்டத்தின் எழுதப்படாத நிபந்தனை. மூன்றையும் பார்க்கவேண்டுமென்றால் விலை ஏறுகிறது. அப்போதும் காவல் என்பது, திருடன் விண்ணப்பித்த பின்போ கணக்குத் தொடங்கிய பின்போ கைப்பேசிக்கு வரும் செய்திதான்.

இங்கே உங்கள் தொழில்நுட்பத்தைப் பாராட்டியே ஆகவேண்டும். உங்களிடமிருந்து தகவல் போனதும் மக்கள் பயந்து லைஃப்லாக்கில் சேர்ந்தார்கள். லைஃப்லாக்கோ கண்காணிப்புச் சேவையை உங்களிடமிருந்தே வாங்கிக்கொண்டிருந்தது. மக்கள் கட்டிய சந்தாவில் ஒரு பங்கு உங்களுக்கே வந்தது. 2017 அக்டோபரில் செனட் விசாரணையில் செனட்டர் எலிசபெத் வாரன் இதை ஸ்மித்திடமே நேரில் கேட்டார். அன்று ஸ்மித்துக்குப் பின்வரிசையில், மோனோபோலி விளையாட்டின் பணக்காரர் வேடத்தில், ஒற்றைக் கண்ணாடியும் வெள்ளை மீசையுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். அந்த அறையில் வேடம் போட்டிருப்பதை மறைக்காதவர் அவர் ஒருவர்தான்.

பங்காளிகளும் சளைத்தவர்கள் அல்லர். 2015இல் டி-மொபைல் வாடிக்கையாளர்கள் சுமார் 1.5 கோடிப் பேரின் விவரம் எக்ஸ்பீரியனின் கணினியிலிருந்து போனது. பரிகாரமாக வழங்கப்பட்டது எக்ஸ்பீரியனின் சொந்தக் கண்காணிப்புச் சேவை, இரண்டு ஆண்டுக்கு இலவசம்.

பத்து லட்சம் டாலர் காப்பீடு என்று பல திட்டங்களில் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். சிறிய எழுத்தைப் படித்தால் வழக்கறிஞர் கட்டணம், நோட்டரி, தபால் செலவு, விடுப்பில் போன சம்பளம் என்று பட்டியல் நீள்கிறது. கிரெடிட் கார்டை யாரோ தவறாகப் பயன்படுத்தினால் நுகர்வோரின் பொறுப்பு 50 டாலரைத் தாண்டக்கூடாது என்று சட்டமே சொல்லிவிட்டது. தபால் தலைக்குப் பத்து லட்சம் டாலர் செலவாகும்படி ஒரு கடிதம் எழுத யாராலும் முடியாது.

திருடிய விவரங்கள் விற்பனையாகும் இருட்டு இணையத்தைத் துழாவும் சேவையும் உண்டு. நம் எண் அங்கே கிடக்கிறது என்று சொல்வார்கள். எடுத்துத் தரமாட்டார்கள், எடுக்கவும் முடியாது. இதில் இன்னொரு சங்கடம். உங்களிடம் புகுந்ததாக 2020 பிப்ரவரியில் அமெரிக்க நீதித்துறை குற்றம் சாட்டியது சீன ராணுவத்தினர் நால்வர் மீது. ராணுவங்கள் அந்த இருட்டுச் சந்தையில் கடை போடுவதில்லை.

உங்கள் சொந்தத் திட்டத்தையும் ஒப்பீட்டில் சேர்த்தேன், விட்டால் குறை சொல்வீர்கள். திருட்டுக்குப் பின் டிரஸ்டட்ஐடி என்ற சேவையை ஓராண்டு இலவசமாகத் தந்தீர்கள். சேர்ந்தால் வழக்குப் போடும் உரிமை போய்விடுமோ என்று ஊர் கூச்சலிட்ட பிறகு நிபந்தனையை மாற்றினீர்கள். அதற்கென ஒரு தனித் தளம் தொடங்கினீர்கள். இப்படியொரு தளத்தைப் போலியாகச் செய்வது எவ்வளவு சுலபம் என்று காட்ட ஒரு மென்பொருளாளர் சொற்களை இடம் மாற்றி இன்னொன்றைத் தொடங்க, உங்கள் ட்விட்டர் கணக்கே மக்களை அந்தப் போலிக்கு அனுப்பிவைத்தது. ஒருமுறை அல்ல, பலமுறை.

அந்தத் திருட்டு வழக்கின் 2019 சமரசத்தில், ஏற்கெனவே வேறு கண்காணிப்பு இருப்பதால் இலவசக் கண்காணிப்பு வேண்டாதவர்களுக்கு 125 டாலர்வரை என்றார்கள். அதற்கென ஒதுக்கியது 3.1 கோடி டாலர். வகுத்துப் பார்த்தேன், 2,48,000 பேருக்குக் காணும். பாதிக்கப்பட்டவர்கள் 14.7 கோடி. மனுக்கள் குவிந்ததும், பணத்தை எதிர்பார்க்காதீர்கள், கண்காணிப்பையே வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஃபெடரல் டிரேட் கமிஷனே சொல்லவேண்டியதாயிற்று. தொலைத்தவர் தரும் இழப்பீடாகவும் காவலே வந்து நிற்கிறது.

இத்தனையையும் எடைபோட்ட பிறகு எனக்குப் பிடித்த சேவை உங்கள் தளத்தின் ஒரு மூலையில்தான் கிடைத்தது. பெயர் செக்யூரிட்டி ஃப்ரீஸ். என் கடன் ஏட்டைப் புதிதாகக் கடன் தருபவர் யாருக்கும் காட்டாதே என்று முடக்குவது. ஏட்டைப் பார்க்க முடியாத வங்கி பொதுவாகப் புதுக் கடன் தராது, எண் திருடனிடம் இருந்தாலும். முன்பெல்லாம் பல மாநிலங்களில் இதற்கு ஐந்து, பத்து டாலர் கறந்தீர்கள். 2018 செப்டம்பர் 21 முதல் நாடு முழுவதும் இலவசம். இணையத்திலோ தொலைபேசியிலோ கேட்டால் ஒரு வேலைநாளுக்குள் போடவேண்டும், எடுக்கச் சொன்னால் ஒரு மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டும். ‘லாக்’ என்ற பெயரில் நீங்கள் தருவது வேறு, அது உங்கள் ஒப்பந்தம். ஃப்ரீஸ் சட்டம் தந்த உரிமை. 2017இல் ஃப்ரீஸ் போட்டவர்களுக்கு நீங்கள் கொடுத்த ரகசிய எண், அதைப் போட்ட தேதியும் நேரமும்தான் என்று தெரியவந்ததை நான் இங்கே நினைவூட்டவில்லை.

ஃப்ரீஸ் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. இருக்கிற கார்டில் செலவு செய்பவனை அது தடுக்காது, மாதாமாதம் கணக்கைப் பார்க்கத்தான் வேண்டும். வரிப் பணத்தைத் திருப்பிக் கேட்டு நம் பெயரில் கணக்குத் தாக்கல் செய்பவனைத் தடுக்க வருமான வரித்துறை தனி ரகசிய எண் தருகிறது. அதுவும் இலவசம்.

ஆகவே சந்தா கட்டும் எண்ணத்தைக் கைவிடுகிறேன். தங்களிடம் கோருவது ஒன்றே. முகப்புப் பக்கத்தில் மாதச் சந்தாவுக்கு வைத்திருக்கும் பொத்தான் அளவுக்கு ஃப்ரீஸ் பொத்தானையும் பெரிதாக்குங்கள்.

இப்படிக்கு,
தங்களுக்குத் தகவல் எதுவும் தராத, ஆனால் தங்களிடம் தகவல் உள்ள ஒருவன்.

பின்குறிப்பு, இதைப் படிக்கும் தமிழர்களுக்கு: மோசடி எச்சரிக்கையை ஒருவரிடம் போட்டால் அவர் மற்ற இருவருக்கும் சொல்லவேண்டும். ஃப்ரீஸ் அப்படியல்ல. மூவரிடமும் தனித்தனியாகப் போடவேண்டும். இந்தியாவில் இருப்பவர்களுக்கும் இந்த மூவர் புதியவர்கள் அல்லர், சிபில் டிரான்ஸ்யூனியனுடையது. அங்கே ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கேட்டு வாங்கிப் பாருங்கள்.