ஊறுகாய் இருக்கப் பயமேன்

விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளில் இரண்டு ரகம் உண்டு. தூரத்திலிருந்து வந்தவன், பக்கத்திலிருந்து வந்தவன். கோத்தா பாருவிலிருந்தோ கூச்சிங்கிலிருந்தோ வந்தவனைப் பார்த்தால் எல்லாருக்கும் இரக்கம் சுரக்கும். சிம்பாங் அம்பாட்டிலிருந்து கிளம்பி, பினாங்குத் தீவில் விடுதி எடுத்துத் தங்குகிறவனைப் பார்த்தால், "வீட்ல ஏதாச்சும் பிரச்சினையா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். நான் இந்த இரண்டாவது ரகம்.

பிரச்சினை ஒன்றுமில்லை, பூகோளம்தான். சிம்பாங் அம்பாட்டுக்குப் பக்கத்தில் பத்து கவான் கரையில் நின்றால் எதிரே தீவு தெரியும். கண்ணுக்குத் தெரிந்து என்ன செய்ய? 24 கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டாவது பாலம் அங்கே திறக்கப்பட்டது 2014இல்தான். என் காலத்தில் பஸ் பிடித்து வடக்கே பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெர்ரி, இறங்கி இன்னொரு பஸ். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற பயணம். 1985இல் திறந்த முதல் பாலம் இருக்கத்தான் செய்தது. கார்தான் எங்களிடம் இல்லை.

அந்தக் காலத்து ஃபெர்ரியில் ஒரு விசேஷம் இருந்தது. பட்டர்வொர்த்தில் ஏறும்போதுதான் காசு. தீவிலிருந்து திரும்பும்போது வாங்க மாட்டார்கள். பாலத்திலும் அதே ஏற்பாடு, தீவுக்குப் போகிறவனுக்கு மட்டும் டோல். அம்மா இதில் அரசாங்கத்தின் நல்லெண்ணத்தைக் கண்டுபிடித்தார். "பாத்தியா, பிள்ளைங்க வெள்ளிக்கிழமையானா வீட்டுக்கு வரணும்னு அவங்களுக்கே தோணியிருக்கு."

அப்பாவின் பார்வை வேறு. அவர் தோட்டத்தில் பிறந்தவர். லயத்து வீட்டில் ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்தெழுந்த மனிதரிடம் போய், நான்கு பேர் தங்கும் அறை என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னேன். "ஆளுக்கொரு கட்டிலா?" என்றார். "ஆமாப்பா." "அப்புறம் என்னடா ஒனக்கு?" என்று நாளிதழைப் பிரித்துவிட்டார்.

பினாங்கில் விடுதி வாழ்க்கை என்றதும் பலருக்கு மிண்டன் ஞாபகம் வரும். 1969இல் தொடங்கிய யுஎஸ்எம், வெள்ளைக்காரனின் ராணுவ முகாமாக இருந்த அந்தக் குன்றில் வளர்ந்த பல்கலைக்கழகம். சிப்பாய்கள் துப்பாக்கியோடு வரிசை கட்டிய இடத்தில் மாணவர்கள் பால்டியோடு வரிசை கட்டினார்கள் என்றால், அதுவும் ஒரு விடுதலைதானே. என் விடுதி அதுவல்ல. எது என்றும் சொல்வதாக இல்லை. என் அறைத்தோழர்கள் மூவரும் இன்று கௌரவமான உத்தியோகங்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் இப்போது விடுதியில் இருப்பதால், அப்பன்மார் செய்ததெல்லாம் அச்சில் வருவது நல்லதல்ல.

எனவே ஊர்ப் பெயர் போதும். கிளந்தான்காரன், சரவாக்காரன், ஜோகூர்காரன். முதலாமவன் மலாய், இரண்டாமவன் ஈபான், மூன்றாமவன் நம்ம ஆள். முதல் நாள் நான்கு பேரும் சாமான்களைப் பிரித்தோம். நால்வரிடமும் தோத்தோ மெத்தை, பால்டி, துணி மாட்டும் ஹேங்கர். வித்தியாசம் அதற்கு அடியில் இருந்தது. கிளந்தான்காரன் ஒரு போத்தல் புடு எடுத்து வைத்தான். நெத்திலியை உப்பில் மாதக்கணக்கில் ஊறவைத்து எடுக்கிற கறுத்த சாறு அது; அவர்கள் ஊரில் அது இல்லாமல் சோறு இறங்காது. சரவாக்காரன் அட்டைப்பெட்டியில் கேக் லாப்பிஸ் வைத்திருந்தான். அடுக்கடுக்காக, கோலம் போட்ட மாதிரி நிறம் நிறமாக. என் பையிலிருந்து அம்மாவின் மாங்காய் ஊறுகாய், இட்லிப் பொடி, நெத்திலிக் கருவாடு. ஜோகூர்காரன் கொண்டுவந்தது பசி.

புடு மூடியைத் திறந்த மாத்திரத்தில் எனக்குக் கண் கலங்கியது. நான் கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்ததும் அவனுக்கும் கலங்கியது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஒன்றும் பேசாமலே உடன்படிக்கை முடிந்தது. உன் நாற்றத்தை நான் பொறுக்கிறேன், என் நாற்றத்தை நீ பொறு. இன ஒற்றுமை பற்றி மேடை போட்டுப் பேசுகிறவர்கள் எங்கள் அறைக்கு வந்திருந்தால், பேச்சைச் சுருக்கிக்கொண்டு சன்னலோரமாக நின்றிருப்பார்கள்.

இதில் ஓர் உபரி லாபமும் கிடைத்தது. இஸ்திரிப் பெட்டி, சவர்க்காரம், பற்பசை என்று இரவல் கேட்டு அறை அறையாகப் போகிற கூட்டம் எல்லா விடுதியிலும் உண்டு. எங்கள் கதவைத் தட்டுகிறவர்கள் முதல் மாதத்தோடு குறைந்துவிட்டார்கள்.

அடுத்தது பண்டமாற்று. விடுதியில் வெள்ளிக்கும் காசுக்கும் இருப்பதைவிட ஊறுகாய்க்கு மதிப்பு அதிகம் என்பதைப் பொருளாதாரம் படித்த பிள்ளைகளே எங்களிடம்தான் தெரிந்துகொண்டார்கள். ஒரு கரண்டி ஊறுகாய்க்குக் கணக்கியல் குறிப்பேடு ஓர் இரவுக்குக் கிடைக்கும். கருவாடு பொரித்ததென்றால், மோட்டார் சைக்கிள் சாவி, எண்ணெய் அவன் செலவு. இட்லிப் பொடியை மட்டும் யாரும் சீந்தவில்லை. ஒரு மழை நாளில் கிளந்தான்காரன் அதைக் கெரொப்போக்கின் மேல் தூவித் தின்று பார்த்தான். மறுநாள் முதல் அதன் விலையை என்னால் பிடித்து நிறுத்த முடியவில்லை.

பொரிக்க எங்கே அடுப்பு என்று கேட்பீர்கள். அறையில் சமைக்கக் கூடாது என்பது விதி. எல்லா விடுதியிலும் அதுதான் விதி. எல்லா விடுதியிலும் ஒரு ரைஸ் குக்கர் இருக்கும் என்பதும் விதிதான், முந்தைய விதியைவிட அது மூத்தது. எங்களுடையது சின்னது, மூடியில் சில்லு பெயர்ந்தது, சோற்றிலிருந்து மேகி மீ வரை எல்லாம் அதில்தான். சோதனை என்று தகவல் வந்தால் குக்கர் பால்டிக்குள் இறங்கும். அதன்மேல் கிளந்தான்காரனின் காற்பந்துக் காலுறைகள். அந்தப் பால்டியை ஆழம் பார்க்கிற துணிச்சல் யாருக்கும் வந்ததில்லை.

ஒருநாள் தகவல் பிந்தி வந்தது. சோறு அப்போதுதான் வெந்திருந்தது. குக்கர் உள்ளே, காலுறை மேலே, அதற்கும் மேலே மெல்ல மெல்ல ஆவி. வார்டன் பால்டியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். திரும்பவும் பால்டியைப் பார்த்தார்.

"என்ன இது?"

"காலுறை, சார்" என்றான் கிளந்தான்காரன்.

வார்டன் நம்பினார். போகிறபோது, "இன்னைக்கே துவைச்சிடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றைய சோற்றை நால்வரும் சாப்பிட்டோம். ஜோகூர்காரன் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

சாப்பாட்டு விஷயத்தில் விடுதிக்காரன் ரோஷக்காரன் என்பதற்கு என்னைவிடப் பெரிய சாட்சி இருக்கிறது. கணித மேதை ராமானுஜன். 1914இல் கேம்பிரிட்ஜுக்குப் போய், டிரினிட்டி கல்லூரி அறையில் தானே சமைத்துச் சாப்பிட்ட நம்ம கும்பகோணத்துப் பிள்ளை. ஒருநாள் சில நண்பர்களை விருந்துக்கு அழைத்தார். ரசம் வைத்தார். எல்லாரும் புகழ்ந்தார்கள், இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்தார்கள். மூன்றாம் முறை ஊற்ற வந்தபோது வந்திருந்த பெண்கள் போதும் என்றுவிட்டார்கள். சற்று நேரத்தில் பார்த்தால் ஆளைக் காணோம். சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி வருகிறது, ஐந்து பவுண்டு அனுப்பச் சொல்லி. ரசத்தை மறுத்தார்கள் என்று ஊரைவிட்டே போயிருக்கிறார் மனிதர்! எங்கள் அறையில் இந்தக் கதையைச் சொன்னதிலிருந்து யார் எதை நீட்டினாலும் மூன்றாம் முறையும் வாங்கிக்கொள்வது என்று வழக்கமாகிவிட்டது. புடு உட்பட.

அதே ராமானுஜனைப் பற்றி இன்னொன்றும் சொல்வார்கள். குளிர்காலத்தில் அவரைப் பார்க்கப் போனார் மகலனோபிஸ். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர். அப்போது கிங்ஸ் கல்லூரி மாணவர். ராத்திரி குளிர் தாங்கவில்லை, ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன் என்றார் ராமானுஜன். மகலனோபிஸ் போய்க் கட்டிலைப் பார்த்தால், கம்பளிகள் எல்லாம் இருக்கின்றன. விரிப்புக்குக் கீழே ஒழுங்காகச் செருகி மடித்து வைத்தது வைத்தபடி. அதை விலக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மகலனோபிஸ் சொல்லிக் கொடுத்தார். உலகத்துக்கே எண்களைப் பற்றிச் சொன்ன மூளைக்குக் கம்பளியைப் பற்றிச் சொல்ல ஒரு சிநேகிதன் தேவைப்பட்டான்.

விடுதியில் இருப்பதன் முழுப் பலனும் இந்தக் கம்பளியில் இருக்கிறது என்பது என் கட்சி. பாடத்தை விரிவுரையாளர் சொல்லித்தருவார், இல்லாவிட்டால் நூலகம் இருக்கிறது. உனக்குத் தெரியாது என்றே உனக்குத் தெரியாத விஷயங்கள் இருக்கின்றனவே, அவற்றை அடுத்த கட்டில்காரன் மட்டும்தான் பார்த்துச் சொல்வான். நான் துணி துவைத்த லட்சணத்தைப் பார்த்து, வெள்ளையையும் சாயத்தையும் பிரிக்க வேண்டும் என்று சொன்னவன் சரவாக்காரன். அதுவரை என் சட்டைகளெல்லாம் ஒரே கட்சிக்காரர்களைப்போல ஒரே நிறத்தில் இருந்தன.

மாதக் கடைசி என்பது வேலைக்காரர்களுக்கு. மாணவனுக்குச் செமஸ்டர் கடைசி. பிடிபிடிஎன் கல்விக் கடன் பணம் கைக்கு வந்த வாரம் நாங்கள் ஜமீன்தார்கள். நாசி கண்டார் கடையில் கோழி, மீன்முட்டை, வெண்டைக்காய், எல்லாக் குழம்பும் ஒன்றன்மேல் ஒன்றாக வெள்ளமாக ஓட வேண்டும். ஒரு காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடித் தண்டு வைத்துச் சோறும் குழம்பும் சுமந்து விற்ற பண்டம் அது. அந்தத் தண்டால் வந்த பெயர்தான் கண்டார். செமஸ்டர் முடிகிற வாரம் அதே கடை, அதே மேசை. வெறும் சோறு, "குழம்பு கொஞ்சம் கூட ஊத்துங்க அண்ணே." கடை அண்ணன் கேள்வி கேட்காமல் ஊற்றுவார். எந்த வாரம் எந்தப் பிள்ளை எப்படிச் சாப்பிடும் என்பது பிடிபிடிஎன் அலுவலகத்தைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். இரவில் மாமாக் கடையில் நான்கு பேருக்கு ஒரு தே தாரிக். 90 நிமிடக் காற்பந்தாட்டம், கூடுதல் நேரம், பெனால்டி எல்லாம் முடிகிறவரை அந்தக் கிளாஸில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்படி பார்த்துக்கொள்வது தனிக் கலை. காலிக் கிளாஸைக் கண்டால் எடுக்க வந்துவிடுவார்கள்.

இந்த வறட்சிக்கு நடுவே தைப்பூசம் வரும். பினாங்குத் தைப்பூசத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெள்ளி ரதம் பினாங்கு வீதிக் கோவில் வீட்டிலிருந்து கிளம்பித் தண்ணீர்மலை நோக்கி நகரும். வழியெல்லாம் சூறைத் தேங்காய் மலைமலையாகக் குவிந்திருக்கும், தமிழர்களோடு சீனர்களும் சேர்ந்து உடைப்பார்கள். விடுதிக்காரன் கண்ணுக்கு இதெல்லாம் அப்புறம்தான். முதலில் தெரிவது தண்ணீர்ப் பந்தல்கள். தயிர்ச்சாதம், சுண்டல், பானகம், மோர், பொரித்த மீகூன், எல்லாம் இலவசம், கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்.

மூவரையும் அழைத்துப் போனேன். மலைக்கோயிலுக்கு ஏகப்பட்ட படி. ஏறி இறங்கினால் பசிக்கும், பசித்தால் பந்தல் இருக்கிறது. இதைவிட நல்ல ஏற்பாட்டைக் கடவுளும் செய்ய முடியாது. சரவாக்காரன் மதியத்துக்குள் நிபுணனாகிவிட்டான். எந்தப் பந்தலில் சுண்டலுக்கு மாங்காய் போடுகிறார்கள், எங்கே பானகத்தில் இஞ்சி தூக்கல் என்று எனக்கே விளக்கினான். திரும்பி நடக்கையில் தீவிரமாக யோசித்துவிட்டுக் கேட்டான்.

"மாச்சா, அடுத்த தைப்பூசம் எப்ப?"

"அடுத்த வருசம்."

"ஏன் செமஸ்டருக்கு ஒண்ணு வைக்கக் கூடாது?"

பக்கத்தில் இருந்த வீட்டைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரியாதவனா நான்? ஒரு சனிக்கிழமை மூவரையும் சிம்பாங் அம்பாட்டுக்கு அழைத்துப் போனேன். அம்மா முதல் நாளே பாசாரில் மலாய்க்காரர் கடையில் கோழி வாங்கிவைத்திருந்தார். புதுச் சட்டியும் எடுத்திருந்தார், கிளந்தான்காரனுக்கு மனசில் ஒரு சங்கடமும் வரக் கூடாதென்று. அம்மாவுக்குத் தெரிந்த மலாய் மொத்தமும் பாசார் மலாய், விலை கேட்கவும் குறைக்கவும் மட்டுமே பழக்கப்பட்டது. அதை வைத்தே விருந்து நடத்தினார். "மாக்கான் லாகி! குரூஸ்லா நீ!" என்று அவன் தட்டில் கோழி விழுந்துகொண்டே இருந்தது. அவனும் ராமானுஜன் சட்டப்படி மூன்றாம் முறையும் மறுக்கவில்லை. என் தட்டுக்கு வந்தது கழுத்து.

"அம்மா, நான்தாம்மா உங்க புள்ள."

"நீ அடுத்த வாரம் வருவ. பாவம், அவங்க அம்மா எங்கயோ இருக்கா."

அன்றோடு என் ஏகபோகம் போயிற்று. அடுத்தடுத்த வாரங்களில் ஊறுகாய்ப் போத்தல் நான்காக வந்தது, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் எழுதி. பண்டமாற்றுச் சந்தை படுத்துவிட்டது. கிளந்தான்காரனின் அம்மா பதிலுக்கு என் அம்மாவுக்கு ஒரு போத்தல் புடு கொடுத்தனுப்பினார். அம்மா அதை மீன் குழம்பில் ஒரு கரண்டி விட்டுப் பார்த்தார். அப்பா மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டார். என்ன போட்டிருக்கிறது என்று இன்றுவரை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

இப்போது பத்து கவானில் ஏறினால் நேராகத் தீவு. பிள்ளை பசிக்கிறது என்று குறுஞ்செய்தி அனுப்பினால் அப்பன் காரில் சோற்றைக் கட்டிக்கொண்டு பாலம் ஏறுகிறான்; அதற்கும் முன்னால் கைப்பேசியில் அழைத்த உணவு வாசலுக்கு வந்துவிடுகிறது. நல்ல வசதிதான். என்ன, அடுத்த கட்டில்காரனிடம் கரண்டி நீட்ட வேண்டிய அவசியம் போய்விட்டது. ஒரே அறையில் நான்கு பேர், நான்கு பொட்டலம், நான்கு திரை.

ஆகவே, இந்த வருடம் விடுதிக்குப் போகிற பிள்ளைகளுக்கு மூத்தவன் சொல்வது கொஞ்சம்தான். வீட்டிலிருந்து வாசனை தூக்கலான ஒன்றைக் கொண்டுபோங்கள். உங்கள் ஊரிலிருந்து ஆகத் தூரத்தில் உள்ளவனாகப் பார்த்துப் பக்கத்துக் கட்டிலைப் பிடியுங்கள். நீட்டுவதை மறுக்காதீர்கள். காலுறையை அடிக்கடி துவைக்காதீர்கள், என்றைக்காவது உதவும். தனி அறை தருகிறோம் என்று படிவத்தை நீட்டினால், வேண்டாம் என்று எழுதிக்கொடுங்கள். கீழே 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். 'ஒருத்தனே தின்றால் ஊறுகாய் கெட்டுப்போகும்' என்று எழுதுங்கள். அதிகாரிக்குப் புரியாவிட்டால், அவர் விடுதியில் தங்காமல் படித்தவர் என்று அர்த்தம்.