ஆறு விழாத பகடை

கேள்வி: பைத்தானில் பகடை விளையாட்டு எழுதினேன். எவ்வளவு உருட்டினாலும் ஆறு மட்டும் விழவே மாட்டேன் என்கிறது. எனக்கு ராசியே இல்லையா?

பதில்: உங்கள் ராசிக்கு ஒரு குறையும் இல்லை. ரேண்ட்ரேஞ்ச்(1, 6) என்று எழுதியிருப்பீர்கள். அது ஐந்தோடு நின்றுவிடும். கடைசி எண்ணைச் சேர்க்காது. ரேண்ட்இண்ட்(1, 6) என்று மாற்றுங்கள், ஆறும் விழும். இரண்டும் ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி இருக்கும், குணம்தான் வேறு.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்டில் 0-க்கும் 1-க்கும் இடையே ஒரு தசம எண்தான் கிடைக்கிறது. அதை ஐந்தால் பெருக்கி, ரவுண்ட் செய்து, ஒன்றைக் கூட்டினேன். ஆறு எண்ணும் வருகிறதே, சரிதானே?

பதில்: வருகிறது, சரி. சமமாக வருகிறதா? ஒரு தாளில் 0 முதல் 5 வரை கோடு போட்டுப் பாருங்கள். ரவுண்ட் செய்ததும் 0 ஆவது, 0.5-க்குக் கீழே விழுபவை மட்டும்: அரை அலகு. 1 ஆவதோ 0.5 முதல் 1.5 வரை: முழு அலகு. அந்தக் கோடியில் 5-க்கும் அரைதான். ஆகவே உங்கள் பகடையில் 1-ம் 6-ம் பத்துக்கு ஒரு தடவை விழும். நடுவில் இருக்கும் நான்கும் ஐந்துக்கு ஒரு தடவை விழும். இந்தப் பிழை எந்த எச்சரிக்கையும் காட்டாது என்பதுதான் எனக்குக் கவலை. ஆறால் பெருக்கி, ஃப்ளோர் போட்டுப் பின்னத்தை வெட்டி, பிறகு ஒன்றைக் கூட்டுங்கள்.

10 முதல் 20 வரை வேண்டுமென்றால் பத்தால் பெருக்காதீர்கள். விரல் விட்டு எண்ணுங்கள், பதினொரு எண்கள் இருக்கும். பதினொன்றால் பெருக்கி, வெட்டி, பத்தைக் கூட்டுங்கள்.

கேள்வி: சி மொழியில் ரேண்ட் தரும் எண்ணை வகுத்து மீதியை எடுத்தால் போதாதா?

பதில்: பகடைக்குப் போதும். ஆனால் சில கம்பைலர்களில் ரேண்ட் 32,767-ஐத் தாண்டாது. 20,000 பேருக்குக் குலுக்கல் நடத்த, 20,000-ஆல் வகுத்து மீதியை எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். 0 முதல் 12,767 வரை உள்ளவர்களுக்கு இரண்டு வாய்ப்பு, மற்றவர்களுக்கு ஒன்றே ஒன்று. இது பச்சை அநியாயம். 20,000 அல்லது அதற்கு மேல் வந்தால் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுங்கள்.

கேள்வி: சி நிரலை ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் அதே எண்கள் அதே வரிசையில் வருகின்றனவே?

பதில்: எஸ்ரேண்டுக்கு நேரத்தைக் கொடுத்து, மெயின் தொடங்கியதும் ஒரே ஒரு முறை அழையுங்கள். லூப்புக்குள் வேண்டாம்.

கேள்வி: பைத்தானின் ரேண்டத்தை வைத்தே ஓடிபி தயாரிக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அதற்குள் ஓடுவது மெர்சென் ட்விஸ்டர். அதன் 32 பிட் வெளியீடுகளில் தொடர்ந்து 624 கையில் கிடைத்தால், அடுத்து வருவதையெல்லாம் ஒருவர் கணக்குப் போட்டே சொல்லிவிடுவார். சீக்ரெட்ஸ் தொகுதியில் ரேண்ட்பிலோ(1000000) போடுங்கள். இலக்கம் குறைந்தால் முன்னால் பூஜ்யம் சேர்த்து ஆறாக்குங்கள்.