உறைக்குள் உறங்கும் உண்மை

வதந்திகளை நம்பாதீர்கள் என்று அரசாங்கம் சொன்னால் உடனே கேட்டுக்கொள்கிறவன் நான். ராஜீவ் காந்தி கொலையிலும் அப்படியே இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். கொன்றது விடுதலைப் புலிகள் என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தற்கொலைக் கொலையாளி தணு உடம்பில் கட்டியிருந்த குண்டு, புகைப்படக்காரர் ஹரிபாபு செத்த பிறகும் பிழைத்துக் கிடந்த அவரது கேமரா, அதிலிருந்த பத்துப் படங்கள் என்று சாட்சியமும் இருக்கிறது. சி.ஐ.ஏ., மொசாட் என்று டீக்கடையில் அளப்பவர்கள் அளந்துகொண்டு போகட்டும்.

ஆனால் இதோடு கதை முடியவில்லை என்று சொன்னது டீக்கடை மட்டுமில்லை, அரசாங்கம் போட்ட ஜெயின் கமிஷனும்தான். சந்திராசாமி என்ற டெல்லிச் சாமியாரை விசாரிக்கச் சொன்னதும் அதுதான். தி.மு.க.வைக் குறைசொன்ன அதன் இடைக்கால அறிக்கை 1997 நவம்பரில் கசிந்தது. தி.மு.க. அமைச்சர்களை வெளியேற்று என்றது காங்கிரஸ்; முடியாது என்றார் பிரதமர் குஜ்ரால்; ஆட்சி கவிழ்ந்தது. ஏழே வருஷத்தில், 2004-இல், அதே காங்கிரசும் அதே தி.மு.க.வும் ஒரே மேடையில் கை கோத்து நின்றன. தலைவனுக்காகக் கொதித்த ரத்தம் தொகுதிப் பங்கீட்டில் ஆறிப்போனது.

'பெரிய சதி'யைத் துருவ 1998-இல் பல்நோக்குக் கண்காணிப்பு முகமை என்று ஒன்றை வைத்தார்கள். ஆயுள் இரண்டு வருஷம் என்றார்கள். அப்புறம் வருஷா வருஷம் நீட்டிப்பு. நீதிமன்றத்துக்கு மூடிய உறையில் அறிக்கை. 2022-இல் சத்தமில்லாமல் இழுத்து மூடினார்கள். உறைக்குள் என்ன இருந்தது? உங்களுக்கும் எனக்கும் சொல்ல மாட்டார்கள். அவர்கள் சொல்லாததை ஊர் யூகித்தால் அதற்குப் பெயர் வதந்தி!

சொன்னவற்றின் லட்சணத்தையும் பார்ப்போம். 1998-இல் தனி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்கு விதித்தது. ஒருவர்கூட மிச்சமில்லை. அடுத்த வருஷம் உச்ச நீதிமன்றம் 19 பேரைக் கொலைப் பழியிலிருந்து விடுவித்தது. இது தடாச் சட்டத்தில் வரும் பயங்கரவாதக் குற்றமே இல்லை என்றும் சொன்னது. ஆனால் அதே தடாவை வைத்து போலீஸ் வாங்கிய வாக்குமூலம் மட்டும் செல்லுமாம். கல்யாணம் செல்லாது, வரதட்சணை செல்லும்!

அந்த வாக்குமூலங்களில் ஒன்று, ஒன்பது வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்த பேரறிவாளனுடையது. கைதானபோது வயது 19. அதைப் பதிவு செய்தவர் சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன். பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று அந்தப் பையன் சொன்னதை எழுதாமல் விட்டுவிட்டேன் என்று 2013-இல் அவரே சொன்னார். பணி ஓய்வு பெற்ற பிறகு. மனசாட்சிக்குக்கூட பென்ஷன் உறுதியாக வேண்டியிருக்கிறது. ஒரு வரியை விழுங்கிய அந்தக் காகிதத்தை நம்பித்தான் ஒரு கழுத்துக்குக் கயிறு அளந்தார்கள். கருணை மனு 11 வருஷம் கிடந்தது. 2022 மே 18-இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தபோது பேரறிவாளனுக்கு வயது 50.

பேட்டரி வாங்கியவரை மூன்றே வாரத்தில் பிடித்தார்கள். குண்டு செய்ததன் பின்னணி விசாரணை என்னாயிற்று என்று 2017-இல்கூட உச்ச நீதிமன்றம் கேட்டுக்கொண்டிருந்தது.

இப்போது சொல்லுங்கள், சதிக்கதைக்காரர்கள் எங்கிருந்து முளைக்கிறார்கள்? யூடியூபில் ராஜீவ் படத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு 'அதிர்ச்சித் தகவல்' விற்கிறவன் பிழைப்புக்காரன், சந்தேகமில்லை. பிணத்தை வைத்துக் காசு பார்க்கிறான். ஆனால் அவனுக்குக் கச்சாப்பொருள் கொடுப்பது யார்? ஒரு ஃபைலைப் பூட்டினால் அவனுக்குப் பத்து வீடியோ. வரி விழுங்கிய அதிகாரியும், அறிக்கையைக் கசியவிட்டவரும், 24 வருஷம் உறைமேல் உறை ஒட்டியவர்களும் அவனுக்குச் சம்பளமில்லாத பங்காளிகள்.

அந்த ராத்திரி ஸ்ரீபெரும்புதூர் மைதானத்தில் செத்தது தலைவர் ஒருவர் மட்டுமில்லை. காவலுக்கு நின்ற போலீஸ்காரர்களும் சிதறிப்போனார்கள். அவர்கள் பிள்ளைகள் இன்று நடுத்தர வயசை எட்டியிருப்பார்கள். அப்பா ஏன் செத்தார் என்பதற்கு அவர்கள் எந்தப் பதிப்பை நம்ப வேண்டும்: 26 பேரும் குற்றவாளி என்றதையா, 19 பேர் இல்லை என்றதையா, மூடி வைத்ததையா?

உறையைக் கிழியுங்கள். உள்ளே சதி இருந்தால் யாருடையது என்று பெயரைச் சொல்லுங்கள். வெறும் பயணப்படிக் கணக்குதான் இருக்கிறது என்றால் அதையும் சொல்லுங்கள். 24 வருஷம் அரசாங்கக் காசில் உளவறிந்த லட்சணம் ஊருக்குத் தெரியட்டும்.