வாசலைத் தாண்டிய வசதி

கேள்வி: வாக்குச்சாவடியில் சாய்தளம் போட்டுவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான கடமை முடிந்ததா?

பதில்: சாய்தளம் வாசல்வரைதான் கொண்டுசேர்க்கும், வாக்கு பதிவாவது அதற்கு அப்பால். எல்லா வாக்குச்சாவடிகளும், தேர்தல் தொடர்பான எல்லா ஆவணங்களும் மாற்றுத்திறனாளிகளுக்கு எட்ட வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 11-ஆம் பிரிவு.

வாக்குப்பதிவு இயந்திரத்தின் நீலப் பொத்தான் அருகே வரிசை எண் பிரெயிலில் இருக்கும். பார்வையற்றவர் பிரெயில் வேட்பாளர் பட்டியலைத் தடவி எண்ணை மனத்தில் வாங்கிக்கொண்டு, அதே எண்ணை இயந்திரத்தில் தேடி அழுத்தலாம். விரலே கண்ணாகவும் வேலை பார்க்கும் இடம் இது.

தனியாக வாக்களிக்க இயலாதவர் 18 வயது நிரம்பிய துணை ஒருவரை அழைத்துச் செல்லலாம். அந்தத் துணை அன்றைக்கு இன்னொருவருக்குத் துணைபோக முடியாது; ரகசியம் காப்பதாக உறுதிமொழியும் தர வேண்டும். கட்சிக்காரரின் பரோபகாரம் ஒரு வாக்கோடு நிற்கட்டும் என்பதே விதியின் உட்பொருள்.

40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ளவர் 12டி படிவம் கொடுத்தால் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். வேட்பாளர்கள் முதல் பொதுத்தேர்தலிலிருந்தே வீடு தேடி வருகிறார்கள். மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் வாக்குச்சீட்டு வீடு தேடி வந்தது 2024-இல்தான்.