ஊழியர் எழுத்ததிகாரம்

உயிரென மெய்யென உயிர்மெய் என்றாங்கு
அயரா ஊழியர் முத்திறத் தனரே.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், சென்னை ஓ.எம்.ஆர். சாலையை நம்பிப் பிழைப்போரை வகுத்து உணர்த்துதல் நுதலிற்று. 2020 மார்ச்சுக்கு முன் இந்நூலுக்குத் தேவையில்லை. எல்லாரும் ஓரினம், கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே சிறுசேரி போய், தூங்கிக்கொண்டே திரும்பினர்.

உயிராவார், வீட்டிலிருந்து வேலை பார்ப்போர். உடம்பு தேனியில் இருக்கும், மீட்டிங்கில் குரல் மட்டும் ஒலிக்கும். மெய்யாவார், ஐந்து நாளும் அலுவலகம் வருவோர். புள்ளி மெய்க்கே உரியது எனின், அற்றன்று. டீம்ஸில் பச்சைப் புள்ளி அணையாதிருக்க மவுஸை ஆட்டிக்கொண்டிருப்பது உயிரே.

உயிர்மெய், மூன்று நாள் அலுவலகத்திலும் இரண்டு நாள் வீட்டிலுமாக இருப்பது. மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கும் என்பது மரபு. திங்கள் காலை உடம்பு வந்துவிடும். உயிர் செவ்வாய் மதியம் வந்து சேரும்.

சார்பெழுத்துகளுள் குற்றியலுகரம் சுவையானது. தன் மாத்திரையிற் குறைந்து, கார்டைத் தேய்த்து, ஒரு காபி குடித்து, டிராஃபிக்குக்கு முன் கிளம்பிவிடும். ஈற்றில் மட்டுமே வரும். அதாவது மாதக் கடைசியில், வருகைக் கணக்கை நிரப்ப.

ஆய்தம் தனிநிலை. கான்ட்ராக்ட் ஊழியர் என்க. அடையாள அட்டையின் கயிறே வேறு நிறம். டவுன்ஹாலுக்கு அழைப்பு இல்லை. 'எல்லாரும் ஒரே குடும்பம்' என்று மேடையில் முழங்குவோர் இவ்வெழுத்தை எண்ணுவதே இல்லை.

இனி இவை புணருமாறு. டி.சி.எஸ். ஆசிரியர் 2020-இல், '2025-க்குள் ஒரு நேரத்தில் 25 விழுக்காட்டினர் அலுவலகத்தில் இருந்தால் போதும்' என்றார். 2023 அக்டோபர் முதல் ஐந்து நாளும் வருக என்றார். இது திரிதல் விகாரம். பொருளியலாளர் நிக்கோலஸ் புளூம் குழுவினரோ, சீனத்து டிரிப்.காம் நிறுவனத்தில் 1,600-க்கு மேற்பட்டோரை ஆராய்ந்து, இரண்டு நாள் வீட்டிலிருக்க விட்டால் வேலையை விடுவோர் மூன்றில் ஒரு பங்கு குறைவர் என 2024-இல் நிறுவினர். உயிர்மெய் கெடாது என்பது பெற்றாம். ஆயினும் தங்குதல் வேறு, ஒட்டுதல் வேறு. ஒட்டுதலுக்கு அடிக்கடி சந்திப்பும் வேண்டும், நீடித்த அக்கறையும் வேண்டும், ஒன்றிருந்து ஒன்றில்லாவிடில் போதாது என்பது உளவியலாளர் பாமைஸ்டர், லியரி இருவரும் 1995-இல் சொன்னது. கார்டு தேய்ப்பதில் முதலாவது கிடைக்கலாம்.

இரண்டாவதற்காக எச்.ஆர். துறை தோன்றல் விகாரத்தை நாடும்: பீட்சா தோன்றும், பொங்கலுக்கு ஒட்டிக்கோ வேட்டி தோன்றும், வெள்ளி மாலை ஜூமில் அந்தாக்ஷரி தோன்றும். கடைசியதை விகாரம் என்பதற்கு மேல் சொல்ல இந்நூலாசிரியருக்கு மனமில்லை.

உயிரும் உயிரும் தாமாக ஒட்டா. இடையே உடம்படுமெய் வேண்டும். அது நிலைமொழிக்கும் உரியதன்று, வருமொழிக்கும் உரியதன்று. டீமுக்கு ஒருவர் அப்படி இருப்பார். ஆன்லைனிலேயே சேர்ந்து யார் முகமும் அறியாத புதுப் பையனுக்கு முதல் நாளே போன் போட்டு, "வி.பி.என். கனெக்ட் ஆகுதா தம்பி? சாப்டியா?" என்பார். மெய்யெழுத்துகள் நாலு பேர் டீக்கடையில் நின்றபடியே ரிலீஸ் தேதியை மாற்றிவிட்டால், வீட்டிலிருப்போருக்கு அதைக் குரூப்பில் எழுதிப் போடுவார். வீட்டிலிருப்பவன் தன்னை அந்நியனாக உணர்வது பீட்சா கிடைக்காததால் அன்று. இத்தகைய செய்தி மூன்று நாள் கழித்துத் தெரிவதால். ஆனால் அப்ரைசல் படிவத்தில் இப்பணிக்குக் கட்டம் கிடையாது. இவர் பேப்பர் போட்டபின் நிகழ்வது கெடுதல் விகாரம்.

அஃதேல், இவருக்கு ஒரு பதவி கொடுத்தால் என்னை எனின், கொடுத்தாரும் உளர். 'என்கேஜ்மென்ட் லீட்' என்று பெயரிட்டு, வாரந்தோறும் அறிக்கை கேட்டனர். அதன்பின் 'சாப்டியா' எக்ஸெல் ஷீட்டில் வரலாயிற்று: ஆம், இல்லை, பொருந்தாது. நிரப்பி அனுப்ப வெள்ளி மாலை 5 மணி வரை அவகாசம்.