அரக்கோணம் வழியாக ஒரு பச்சை ஒயர்

எழுத்தில் எழுதிய புரோகிராம் குப்பையாக இருந்தால், எழுதினவருக்கும் அடுத்து அதைத் திறந்து பார்க்கிற பாவப்பட்டவருக்கும்தான் தெரியும். லேப்வியூவில் வரைந்தது குப்பையாக இருந்தால் டீ கொண்டுவருகிற அண்ணாவுக்கே தெரிந்துவிடும். "இன்னா சார், ஒயரெல்லாம் பிரிச்சுப் போட்டுட்டீங்களா?" என்று என் திரையைப் பார்த்துத் துக்கம் விசாரிப்பார்.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ, பாரத்பென்ஸ், ராயல் என்ஃபீல்டு என்று ஊரைச் சுற்றி வண்டி கம்பெனிகள். வண்டிக்குள் போகும் ஹாரனும் சுவிட்சும் சும்மா போய்விடாது. டெஸ்ட் ரிக்கில் ஏறி, பாஸ் வாங்கித்தான் போகும். அந்த ரிக்குகளைச் செய்வது என் பிழைப்பு. லேப்வியூ 1986-இல் மெக்கின்டாஷில் வந்தது. அதில் புரோகிராமை எழுதுவதில்லை, வரைகிறோம். உண்மை-பொய் பச்சை ஒயரில் ஓடும், முழு எண் நீலத்தில், தசம எண் ஆரஞ்சில், எழுத்து பிங்கில். நம்பர் மட்டுமே புழங்க வேண்டிய இடத்தில் பிங்க் தெரிந்தால், அங்கே யாரோ குறுக்கு வழி தேடிச் சுற்று வழியில் போயிருக்கிறார் என்று அர்த்தம்.

ஒரு கம்பெனியின் ஹாரன் ரிக்கைச் சரிபார்க்கக் கூப்பிட்டார்கள். திறந்தால் பிங்க் வெள்ளம். ஹாரன் இழுக்கும் கரன்ட்டை இரண்டு தசமத்தில் காட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. முன்னவர் எண்ணை எழுத்தாக மாற்றி, அதற்குள் புள்ளியைத் தேடி, புள்ளிக்குப் பின்னால் இரண்டு எழுத்தை வெட்டி, முன்பாதியோடு ஒட்டி, திரும்ப எண்ணாக்கியிருந்தார். காட்டும் கட்டத்தில் ரைட் கிளிக் செய்து 'இரண்டு தசமம்' என்று சொல்லியிருந்தால் முடிந்தது. ஆனாலும் அது வருஷக்கணக்கில் ஓடியது, ஜெர்மனியிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்து தன் லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்கும் வரை. ஜெர்மன்காரர்கள் தசமத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, கமா வைப்பார்கள். புரோகிராம் புள்ளியைத் தேடியது, காணோம். அன்று ரிக்கில் ஏறிய ஹாரன் எல்லாம் ரிஜெக்ட். ஹாரன்களோ கேட் வரைக்கும் கேட்கிற மாதிரி அலறிக்கொண்டிருந்தன.

பச்சை ஒயரின் கதை இன்னும் உருக்கம். 'கதவு மூடியிருக்கிறதா' என்று சென்சாரிலிருந்து ஓர் உண்மை வருகிறது. அது உண்மைதானா என்று இன்னோர் உண்மையோடு ஒப்பிட்டார்கள். விடையை 'கேஸ்' என்ற நிபந்தனைக் கட்டத்துக்குள் செலுத்தினார்கள். உண்மை என்றால் உண்மை வெளியே வரும், பொய் என்றால் பொய். ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போக அரக்கோணம் சுற்றி வந்திருக்கிறது அந்த ஒயர், ஏறினபோது இருந்த அதே சட்டையோடு. பக்கத்தில் பதினாறு கிளிப் சென்சார்கள். ஏதாவது ஒன்று விழித்தால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். கேஸுக்குள் கேஸாகப் பதினாறு ஆழம். பதினாறையும் ஓர் அரேயில் போட்டு, 'ஆர் அரே எலிமென்ட்ஸ்' என்ற ஒரே ஒரு கட்டத்தில் நுழைத்தால் தீர்ந்தது.

லேப்வியூ புழங்குபவர்கள் இதற்கெல்லாம் 'ரூப் கோல்ட்பெர்க் கோட்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். கோல்ட்பெர்க் அமெரிக்கக் கார்ட்டூன்காரர். 1931-இல் அவர் வரைந்த படத்தில், சூப் ஸ்பூனைத் தூக்கினால் கயிறு இழுபட்டு, பிஸ்கட் பறந்து, கிளி தாவி, லைட்டர் பற்றி, ராக்கெட் கிளம்பி, கடைசியில் நாப்கின் வந்து வாயைத் துடைத்துவிடும். மனிதர் இன்ஜினியரிங் படித்தவர் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஆனால் சுற்று வழி எல்லாமே முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். தொழிற்சாலை மெஷின்களை ஓட்டும் பிஎல்சியின் லேடரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் கேட்டதன் பேரில் டிக் மார்லியின் குழு செய்த மோடிகான் என்ற பிஎல்சி 1969-இல் அங்கே போய் இறங்கியது. ரிலே சர்க்யூட் படம் பார்த்துப் பழகிய எலக்ட்ரீஷியனுக்குப் புரிய வேண்டுமென்றே ஏணி மாதிரி ரங் ரங்காக வரைய விட்டார்கள். ஒரு ஷாப்பில் ஐம்பது ரெஜிஸ்டரை ஜீரோ ஆக்க ஐம்பது ரங் பார்த்தேன். "ஒரே எஃப்மூவ்ல முடிச்சிடலாமே அண்ணா" என்றேன் மெயின்டனன்ஸ்காரரிடம்.

"முடிச்சிடலாம் தம்பி. நைட்டு ரெண்டு மணிக்கு லைன் நின்னா நீ வருவியா? எது ஜீரோ ஆவலன்னு இதுல பார்த்தவுடனே தெரியுது."

வரமாட்டேன். ஐம்பது ரங்கும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பதினாறு கேஸ் ஆழத்துக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அதை நைட்டு ரெண்டு மணிக்கு வரைந்தவரே திறந்தாலும் ஒன்றும் புரியாது.

ஹாரன் ரிக்கைச் சுத்தம் செய்து முடித்தபோது புரோகிராம் ஒரே திரைக்குள் அடங்கியிருந்தது, ஸ்க்ரோல் செய்ய வேண்டியதில்லை. பெருமையாக மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பழைய படத்தை ஏ3 தாளில் பிரின்ட் போட்டு, லேமினேட் செய்து, ஆடிட்டுக்கு வருகிறவர்கள் பார்க்கும்படி மாட்டியிருந்தார் அவர். சுவரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் சார்."

பர்ச்சேஸிலிருந்து ஆள் வந்தார். "படம் பாதி கூட இல்லையே, பில்லும் பாதி போட்டுக்கலாமா?" என்று என் முதலாளிக்குப் போன் போட்டார். முதலாளி நாற்பது வருஷம் தொழிலில் இருப்பவர். சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நல்லா பண்ணியிருக்கே தம்பி. அடுத்த ரிக்குக்குக் கொஞ்சம் ஒயர் தாராளமா போடு."