தீட்சை பெற்ற புகையைக் குறித்து ஒரு விக்ஞாபனம்

தூய காற்றைப் பரிபாலித்துவரும் மேலான அதிகாரத்தின் சமுகத்திற்கு, தென்காசியில் பல்லாரி வெங்காயக் கிட்டங்கி நடத்திப் பிழைத்துவரும் அடியேன், அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்வது.

சென்ற செவ்வாய்க்கிழமை பிற்பகலில், எஞ்சினை அணைத்துவிட்டு டிரைவர் திண்ணையில் சாப்பிட்டுக்கொண்டிருக்க, எங்கள் கிட்டங்கி வாசலில் சாதுவாக நின்றிருந்த லாரியின் முன் தங்கள் பிரதிநிதி ஒருவர் பிரசன்னமானார். அதன் புகைச் சான்றிதழ் காலாவதியாகி இரண்டு நாள் ஆகிவிட்டதென்பதைக் கைபேசியில் கண்டறிந்த அவர், லோடுமேன்களும் கமிஷன் கடைக்காரர்களும் சூழ்ந்து நின்று வேடிக்கை பார்க்க, சுத்தமான காற்றின் மகிமையைப் பற்றி எனக்கு உபதேசம் செய்யலானார். அத்தருணத்தில், எம்-சாண்டைக் குவியலாக ஏற்றிய டாரஸ் லாரி ஒன்று கேரளத்தை நோக்கி முக்கி முனகிக்கொண்டு போயிற்று. அது விட்டுச்சென்ற கரும்புகையில் அவரும் நானும் அவருடைய உபதேசமும் சற்று நேரம் மறைந்துபோனோம். புகை விலகியதும், இருமலுக்கிடையே நான் அந்த லாரியைச் சுட்டிக்காட்ட, அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதன் எண்ணைக் கைபேசியில் தட்டிப் பார்த்து, "அதுக்கு சர்டிபிகேட் இருக்கு, அண்ணாச்சி" என்று சாந்தமாகச் சொல்லிவிட்டு, எனக்கு அபராதம் விதித்தார்.

அன்றுதான் எனக்கு ஞானம் சித்தித்தது. புகையில் தீட்சை பெற்ற புகை, தீட்சை பெறாத புகை என இரு ஜாதி உண்டு. தீட்சை பெற்ற புகை எவ்வளவு கறுத்திருந்தாலும் சாம்பிராணிக்குச் சமானம். தீட்சை பெறாத புகையோ, இன்னும் குழாயை விட்டு வெளியே வந்து ஜனிக்காமல் இருந்தாலுங்கூட மகாபாதகம். எங்கள் லாரியின் புகை கர்ப்பத்திலேயே குற்றவாளியாயிற்று. எங்கள் ஊர் தனி மாவட்டமானதும், இந்தப் பாதகத்துக்குரிய தண்டம் சட்டப் புத்தகத்தில் ஆயிரத்திலிருந்து பத்தாயிரம் ரூபாய் வரை உயர்ந்ததும் ஒரே 2019ஆம் ஆண்டில்தான் என்பதை நினைக்கும்போது, எங்கள்மீது தங்களுக்குள்ள கடாட்சம் விளங்குகிறது.

மறுநாளே தீட்சை வைபவத்தையும் கண்ணாரச் சேவித்தேன். 1989ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளில் 115ஆவது விதி விதித்தவண்ணம், பாரமேதும் இல்லாத லாரியைச் சமதரையில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஆக்சிலேட்டரை அடிவரை அழுத்தி அழுத்தி விடுகிறார்கள். புகைக்குழாயில் செருகிய கருவி புகையின் அடர்த்தியை அளக்கிறது. எங்களுடையதைப் போன்ற பி.எஸ். 4 வண்டி ஹார்ட்ரிட்ஜ் அளவில் 50க்குள்ளும், அதற்கு முந்தைய தலைமுறை 65க்குள்ளும் இருந்தால் தேறியதாக அர்த்தம். முன்னதற்கு ஓராண்டும் பின்னதற்கு ஆறு மாதமும் தீட்சை செல்லும். கண்ணுக்குப் புலனாகும் கருமை ஒன்றே அக்கருவிக்குப் பிரத்தியட்சம். நைட்ரஜன் ஆக்சைடு என்ற பெயரையே அது கேள்விப்பட்டதில்லை. நுரையீரலின் அடிவரை இறங்கிக் குடியேறும் நுண்துகள் எவ்வளவு என்று கேட்டாலும் அது மௌனம் சாதிக்கும்.

ஆனால் லாரி சமதரையில் சும்மா நின்று எவருக்கும் சோறு போட்டதில்லை. கொல்லம் போகும் சாலையில், செங்கோட்டையைத் தாண்டி, புளியரைக்கு அப்பால் எஸ் வளைவில், தாங்கக்கூடிய பாரமும் அதற்கு மேலும் சுமந்துகொண்டு அது முதல் கியரில் ஏறும்போதுதான், மூச்சுத் திணறி, டீசலை அரைகுறையாக எரித்து, தன் சுயரூபத்தைக் காட்டுகிறது. அந்த மேட்டில் எந்தக் கருவியும் எக்காலத்திலும் செருகப்படுவதில்லை. தீட்சை கீழே, புகை மேலே. ஆனியிலும் ஆடியிலும் செங்கோட்டைக் கணவாய் வழியே சாரலைச் சுமந்துவரும் மேல்காற்று, ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்துக்கே குடிவந்து அனுபவித்த அதே காற்று, இப்போது அந்தப் புகையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு எங்கள்மேல் இறங்குகிறது. ஐந்தருவியில் நீராடித் திரும்புகிறவர் தலை துவட்டுமுன்னே மறு அபிஷேகம் ஆகிவிடுகிறது. அதுவும் தீட்சை பெற்ற அபிஷேகமாதலால் ஆட்சேபிக்க இடமில்லை.

செங்கோட்டைச் சாலையோரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். கனிமம் ஏற்றிப் போகும் லாரிகளைப் பற்றி ஊரார் மனுக் கொடுத்து அலுத்தார்கள்; மறியல் செய்தும் அலுத்தார்கள். யாருக்கையா இந்தச் சான்றிதழ்? மூச்சு முட்டுகிறவன் முகத்துக்கு நேரே ஒரு காகிதத்தை நீட்டி, உனக்கு மூச்சு முட்டவில்லை என்று சொல்ல உங்களுக்கு வெட்கமாக இல்லையா?

க்ஷமிக்கவேண்டும். பல்லாரி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுவதால் கண்ணும் சொல்லும் சற்றுக் காந்திவிட்டன. தங்கள் பேரறிவில் அடியேனுக்கு லவலேசமும் சந்தேகமில்லை.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸைச் சுற்றியுள்ள பிரதேசத்தில் 2021ஆம் ஆண்டு மே மாதம் வந்த விதியொன்று, ஒரு லட்சம் சதுர அடிக்குக் குறையாத கிட்டங்கிகளை நடத்துகிறவர்களிடம், உங்கள் வாசலுக்கு வந்துபோகும் லாரிகளின் புகைக்கு நீங்களே பொறுப்பு என்று சொல்லி, லாரிகளின் வரத்துக்கு ஏற்றபடி ஆண்டுதோறும் புள்ளிகள் சேர்க்கச் சொல்கிறதாம். மின்சார லாரி வாங்கினால் புள்ளி. சார்ஜ் ஏற்ற வசதி செய்தால் புள்ளி. சூரிய மின்தகடு பதித்தாலும் புள்ளி. என்ன அநாகரிகம்! புகையைக் குறைத்தால்தான் புள்ளி என்று வியாபாரியை வதைக்கும் அந்த அஞ்ஞானிகளுக்குத் தீட்சை என்ற சுலபமான மார்க்கம் தெரியவில்லை. இங்கே என் கிட்டங்கிக்கு வரும் வண்டிகள் லோடுக்குக் காத்து எஞ்சினை ஓடவிட்டபடி மணிக்கணக்கில் நிற்பதைப் பற்றி இன்றுவரை எந்த அதிகாரியும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டதெல்லாம் காகிதம்தான்.

அபராதம் செலுத்தியாயிற்று. எங்கள் லாரியும் தீட்சை பெற்றுவிட்டது. இன்னும் ஓராண்டுக்கு அது எவர் முகத்தில் ஊதினாலும் தோஷமில்லை. இன்றிரவு பதினொரு மணிக்குப் பல்லாரி ஏற்றிக்கொண்டு கொல்லம் புறப்படுகிறது. தேவரீர் திருவுளம் கொண்டால், புளியரை மேட்டில் அதன் பின்னாலேயே தங்கள் ஜீப்பில் எழுந்தருளவேண்டும். கண்ணாடியை மட்டும் இறக்கி வைத்துக்கொள்ளவும்.

இங்ஙனம்,
தங்கள் சான்றிதழை நம்பிச் சுவாசித்துவரும்,
ஒரு கிட்டங்கிக்காரன்